தெற்கெல்லையில் ஓர் ஒழுங்கை

காணி உறுதிப் பத்திரங்களை எழுதி அத்தாட்சிப்படுத்தும் நொத்தாரிசு கனகசிங்கம் எந்த உறுதியையும் கடைசிப் பக்கத்திலிருந்துதான் வாசிக்கத் தொடங்குவார். களுவாஞ்சிக்குடிப் பிரதான வீதியில், மருந்துக் கடையின் மேல்மாடியில் அமைந்திருந்த அவருடைய கந்தோருக்கு யார் எந்தக் காகிதத்தைக் கொண்டுவந்தாலும், முதலில் எழுந்து சென்று கைகளைக் கழுவித் துவாயில் துடைப்பார். பின்னர் மூக்குக்கண்ணாடியைத் துடைப்பார். அதன்பின், கொடுத்தவர் யார், பெற்றவர் யார் என்று பாராமல், காணியின் நான்கு எல்லைகளும் எழுதப்பட்ட அட்டவணைக்கு நேரே போய்விடுவார். "ஆக்கள் பொய் சொல்லுவாங்க. எல்லை அப்படிச் சுலபமாச் சொல்லாது" என்பது அவர் அடிக்கடி கூறும் வார்த்தை.

அவருக்கு வயது அறுபத்தெட்டு. 2004 டிசெம்பர் 26இல் கடல் ஊருக்குள் வந்த அன்று ஒரு கதவுநிலை விழுந்து நசுக்கியதனால் வலக்கைப் பெருவிரல் மடங்காது. ஆகவே பேனையைச் சுட்டுவிரலுக்கும் நடுவிரலுக்கும் இடையில் செருகிப் பிடித்தே எழுதுவார். அவருடைய கையொப்பம் முறிந்த ஈர்க்குகளை வரிசையாக அடுக்கி வைத்தாற்போல் இருக்கும்.

அந்தக் கையொப்பத்தை ஒரு நாளில் இருபது தடவை பார்ப்பவள் லிகிதர் சர்மிலா. முப்பத்தாறு வயதினள்; 2006ஆம் ஆண்டு முதல் அங்கே வேலை செய்பவள். ஒவ்வோர் உறுதியிலும் ஒரு களவு ஒளிந்திருக்க வேண்டும் என்பதும், அதைத் தான் ஒருநாள் கண்டுபிடிப்பாள் என்பதும் அவளுடைய உறுதியான நம்பிக்கை. நான்கு ஆண்டுகளாக அவளுக்கு அகப்பட்டவை எழுத்துப் பிழைகள் மட்டுமே.

யுத்தம் முடிந்து ஓராண்டு கடந்திருந்த ஆனி மாதத்துத் திங்கட்கிழமை ஒன்றில், செட்டிபாளையம் ஐஸ் ஆலைச் சின்னத்தங்கம் படியேறி வந்தாள். ஐம்பது வயதை நெருங்கிய, உரத்த குரலுடைய பெண். வாவிக்கரையில் அவள் நடத்திய ஆலையில் பதினான்கு பேர் வேலை செய்தார்கள். அவ்வாலையின் ஐஸ் இல்லாவிட்டால் அக்கரை மீனவர்களின் மீன் கொழும்பு லொறி வரும்வரை தாங்காது.

"இரிங்க," என்றார் கனகசிங்கம்.

"இரிக்க எனக்கு நேரமில்ல ஐயா. முப்பது நாளைக்குள்ள ஆலையத் தூக்கிட்டுப் போகட்டாம் எண்டு கோட்டில வழக்கு வைச்சிருக்காங்க. அத எப்படித் தூக்கிற எண்டு காகிதத்தில எழுதல்ல." அவள் ஒரு நீளமான உறையை மேசையில் வைத்தாள். "மேனுகாட்ட இருவது வருசக் குத்தகைக்கு எடுத்த காணி. அது அவட தாய் பத்தினிப்பிள்ளைட காணி. தாய் சுனாமியில போயிட்டா. ஒரே ஒரு மகள். எங்கட வழமைப்படி மகளுக்குத்தானே வரும்? இப்ப மகன்காரன் கோகுலராஜ் வந்து, அம்மா உயிரோட இரிக்கக்குள்ளயே தனக்கு நன்கொடை எழுதித் தந்திட்டா எண்டு ஒரு நகலக் காட்டுறான். அதக் காட்டிக் கொழும்புக் கம்பனி ஒண்டுக்கு வித்தும் போட்டான். வாவியப் பார்த்தபடி உல்லாச விடுதி கட்டப் போறாங்களாம். தாய்க்கே மிஞ்சாத காணி மகளுக்கு எங்கால வந்த, மகள் எப்படிக் குத்தகைக்குக் குடுத்த எண்டு கேக்காங்க."

"குத்தகை எழுதுறதுக்கு முந்திக் காணிப் பதிவகத்தில தேடிப் பார்த்தீங்களா?"

"பார்க்காம இருப்பனா? மட்டக்களப்பு நொத்தாரிசு ஒராள்தான் தேடி எழுதித் தந்த. அப்ப இப்படி ஒண்டும் இல்ல. இந்த நகல் போன மாசந்தான் பதிவாகியிரிக்கி."

"சரி. மட்டக்களப்பு நொத்தாரிசிட்டப் போகாம ஏன் என்னட்ட வந்தீங்க?"

சின்னத்தங்கம் முதன்முறையாகக் குரலைத் தாழ்த்தினாள். "அடியில இரிக்கிற கையெழுத்து உங்கட, ஐயா."

கனகசிங்கம் எழுந்து சென்று கைகளைக் கழுவினார். அன்று அவர் வழக்கத்தைவிட அதிக நேரம் கழுவியதாகச் சர்மிலாவுக்குத் தோன்றியது. திரும்பி வந்து அட்டவணையை வாசித்தார். வடக்கே மேனுகாவின் வளவு, கிழக்கே வீதி, தெற்கே பத்தடி அகல ஒழுங்கை, மேற்கே வாவி. அதற்குக் கீழே, "எனது பொறுப்பிலுள்ள மூலப்பிரதியுடன் ஒப்பிட்ட உண்மை நகல்" என்ற அத்தாட்சி; 2004 டிசெம்பர் 20 என்ற திகதி; முறிந்த ஈர்க்குகள் போன்ற கையொப்பம். நன்கொடை எழுதப்பட்ட நாள் அதே மாதம் மூன்றாம் திகதி எனக் குறிக்கப்பட்டிருந்தது.

எப்பொழுதும் அட்டவணைக்குப் பின்னர் முதற் பக்கத்துக்குச் செல்பவர், அன்று செல்லவில்லை. உள்ளங்கையைக் கையொப்பத்தின்மேல் வைத்து மறைத்தார்.

"ஐயா, இது கையால எழுதிக் கிடக்கு," என்றாள் சர்மிலா, தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்து. "நம்மட கந்தோரில எல்லாம் தட்டெழுத்துத்தானே. தாளும் பள்ளிக்கூடத்துச் சோதனைத் தாள் மாதிரிக் கோடு போட்டிரிக்கி."

"ஓம். கண்டன்."

"அப்ப கள்ள நகல்தானே?"

"அவசரப்படாத மனே. நாளைக்கு மட்டக்களப்புப் பதிவகத்துக்குப் போய், 2004 நவம்பர், டிசெம்பர் மாசங்களில நான் அனுப்பின நகல்கள் இரிக்கா எண்டு பாரு. இண்டைக்குப் பின்னேரம் காணியப் போய்ப் பார்ப்பம்."

செட்டிபாளையத்தில் ஐஸ் ஆலையின் இரைச்சல் வீதிவரை கேட்டது. பொறியைக் கவனித்துவந்த நல்லரத்தினம், இடுப்பில் சாக்கைச் சுற்றிக்கொண்டு ஐஸ் பாளத்தைக் கொக்கியால் இழுத்தபடி வெளியே வந்தான். கனகசிங்கம் ஆலையைப் பாராமல், அதன் தெற்குப் புறமாக வீதியிலிருந்து வாவிக்கு இறங்கிய செம்மண் ஒழுங்கையைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஒழுங்கைக்கு அப்பால் தென்னந்தோட்டம்.

"இந்த ஒழுங்கை எப்ப இருந்து இரிக்கி தம்பி?" என்று அவர் கேட்டார்.

"எப்ப இருந்தா? வெட்டினதே நாங்கதான் ஐயா. கடல் அடிச்சு நாலாம் நாள். சனமெல்லாம் வாவிக்கரையில வந்து கிடந்த. கூடாரம் ஏத்தின லொறி வீதியில நிக்கி, உள்ளுக்கு வர வழியில்ல. கந்தப்போடிட தோட்டத்தில பதினொரு தென்னையத் தறிச்சம்."

"கந்தப்போடி விட்டாரா?" என்று சர்மிலா கேட்டாள்.

நல்லரத்தினம் சிரித்தான். "அவர் என்னத்த விடுற? அவர் செத்து முப்பது வருசம். நான் ஆளக் கண்டதே இல்ல. ஆனா தோட்டத்துக்குப் பேர் இன்னும் அவர்தான். இப்ப உரிமைக்காறி அவர்ட பேத்தி. அந்தப் பிள்ள அழுதழுது தறிக்கச் சொன்ன. நீங்க என்ன கா, இப்பதான் பிறந்த மாதிரிக் கேக்கிறீங்க."

சர்மிலா அந்தக் கேலியைப் பொருட்படுத்தவில்லை. அவளுடைய மனம் துள்ளிக்கொண்டிருந்தது. முச்சக்கரவண்டிக்குத் திரும்பி நடக்கும்போது, "ஐயா, 2004 டிசெம்பர் இருவதில இல்லாத ஒழுங்கை, அண்டைக்கு எழுதின நகலில எப்படி வந்த?" என்றாள்.

"நல்ல கேள்வி."

"அப்ப அது சுனாமிக்குப் பிறகு எழுதினது."

"ஓம்," என்றார் கனகசிங்கம். ஒரு கண்டுபிடிப்பைச் சொன்னவளை அவர் வழக்கமாக மெச்சுவார். அன்று மெச்சாமலே முச்சக்கரவண்டியில் ஏறிக்கொண்டார்.

மறுநாள் பின்னேரம், மட்டக்களப்பிலிருந்து வந்த பஸ்ஸால் இறங்கிய சர்மிலா படிகளை இரண்டு இரண்டாகத் தாவி ஏறினாள். நொத்தாரிசுகள் ஒரு மாதத்தில் எழுதிய உறுதிகளின் நகல்களை அடுத்த மாதம் பதினைந்தாம் திகதிக்குள் காணிப் பதிவகத்துக்கு அனுப்பவேண்டும் என்பது சட்டம். நவம்பர் மாதக் கட்டு பதிவகத்தில் இருந்தது. டிசெம்பர் கட்டு இல்லை. அது அனுப்பப்படுமுன்பே, களுதாவளைக் கடற்கரையோரம் இருந்த பழைய கந்தோரோடும் அலுமாரி நிறைந்த மூலப்பிரதிகளோடும் கடலுக்குப் போய்விட்டது. இவற்றையெல்லாம் அவள் மூச்சு வாங்கக் கூறினாள். அவள் உண்மையாகக் கொண்டுவந்தது வேறொன்று.

"நவம்பர் உறுதி ஒண்டிர கடைசிப் பக்கத்தப் படப் பிரதி எடுத்து வந்திருக்கன். உங்கட கையெழுத்தப் பாருங்க ஐயா." அவள் இரண்டு தாள்களையும் அருகருகே விரித்தாள். நவம்பர் மாதத்துக் கையொப்பம் வட்டமாகச் சுழன்று, இறால் மீசைபோல நீண்ட வாலுடன் முடிந்தது. "ரெண்டும் ஒரே ஆள்ட கையெழுத்தே இல்ல. டிசெம்பர் இருவதாம் திகதியில நீங்க இப்படித்தானே வட்டமாப் போட்டிருக்க வேணும்? கோகுலராஜுக்கு அது தெரியல்ல. இப்பத்தய கையெழுத்தப் பார்த்துக் கீறியிரிக்கான். பிடிச்சிட்டம் ஐயா."

கனகசிங்கம் நவம்பர் மாதத்துக் கையொப்பத்தைப் பார்த்தார். ஐந்தரை ஆண்டுகளின் பின்னர் அதனைக் காண்கிறார் போலும். மடங்காத பெருவிரலால் அந்த வாலை ஒருமுறை தடவினார்.

"வடிவான கையெழுத்துத்தான்," என்றார். பின்னர் மற்றத் தாளைத் தம்மிடம் இழுத்தார். "சர்மிலா, நீ பார்த்தது சரி. முடிவுதான் பிழை. இத ஒருத்தரும் கீறல்ல. இது என்ட கையெழுத்து. திகதிதான் பொய்."

சர்மிலாவுக்கு ஒரு கணம் விளங்கவில்லை. பின்னர் விளங்கிற்று. அவள் அவருடைய மடங்காத பெருவிரலைப் பார்த்தாள். பார்த்ததற்காக வெட்கப்பட்டு யன்னலுக்கு வெளியே பார்த்தாள். நான்கு ஆண்டுகளாகத் தான் தேடிய களவு, தன் மேசைக்கு எதிர்மேசையில் இருந்திருக்கிறது. அதைக் கண்டுபிடித்த மகிழ்ச்சியில் படிகளைத் தாவி ஏறி வந்திருக்கிறாள். விரித்த தாள்களைச் சுருட்டுவதா, விடுவதா என்று அவளுடைய கைகளுக்குத் தெரியவில்லை.

"சனிக்கிழமை காலம பத்து மணிக்குச் சின்னத்தங்கம், மேனுகா, கோகுலராஜ் மூண்டு பேரையும் வரச் சொல்லு," என்றார் அவர். "மேனுகாட்டத் தாய்ட பழைய உறுதி இருந்தா எடுத்து வரச் சொல்லு. பிறகு, அந்தக் கீழ்த்தட்டில ஒரு பச்சை மட்டைக் கட்டு இரிக்கி. அதையும் எடுத்து வை."

"அதில என்ன ஐயா?"

"அண்டைக்குச் சொல்லுறன். ரெண்டு தரம் சொல்ல எனக்கு ஏலாது."

சனிக்கிழமை மூவரும் வந்தனர். சின்னத்தங்கம் முன்கதிரையில் அமர்ந்தாள். மேனுகா மடியில் ஒரு துணிப்பையை வைத்துக்கொண்டு சுவரோரம் இருந்தாள். வாவிக்கரையில் தாய் கொடுத்த வீட்டில் கணவனோடும் இரண்டு பிள்ளைகளோடும் வாழ்பவள். அவளுடைய தமையன் கோகுலராஜ் நாற்பத்தைந்து வயதினன். மடிப்புக் கலையாத சேட் அணிந்து வாசலருகில் நின்றான். உட்காரச் சொன்னபோது, நிற்பதே வசதி என்றான். அண்ணனும் தங்கையும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை.

கனகசிங்கம் கைகளைக் கழுவிவிட்டு வந்து, மேசையின் பின்னால் அமராமல் முன்னால் ஒரு பிளாஸ்டிக் கதிரையை இழுத்துப்போட்டு அமர்ந்தார்.

"முதல்ல என்ட கதையச் சொல்லுறன்," என்று தொடங்கினார். "சுனாமி முடிஞ்ச அடுத்த மாசம் இந்த ஊர்ப் பள்ளிக்கூடத்து முகாமில நானும் இருந்தன். கை கட்டுப்போட்டுக் கிடந்த. சனம் வந்து, 'ஐயா, உறுதி கடலோட போயிட்டு, வீடு கட்டித் தாறவங்க உறுதி கேக்காங்க, உங்கட மூலப்பிரதியப் பார்த்து ஒரு நகல் தாங்க' எண்டு நிண்ட. என்ட மூலப்பிரதியும் கடலுக்குள்ள. அதச் சொல்ல எனக்கு வாய் வரல்ல. அந்த ஆக்கள்ட உறுதியெல்லாம் நான் எழுதினது. எனக்கு ஞாபகம் இருந்த. பள்ளிக்கூடத்துச் சோதனைத் தாள வாங்கி, ஆக்கள் எல்லை சொல்லச் சொல்லக் கையால எழுதினன். 'என் பொறுப்பிலுள்ள மூலப்பிரதியுடன் ஒப்பிட்டது' எண்டு, இல்லாத மூலப்பிரதியச் சொல்லிக் கையெழுத்துப் போட்டன். ஒருத்தரும் சந்தேகப்படக் கூடா எண்டு, கடல் வாறதுக்கு முந்தின திகதி போட்டன். நாப்பத்தியொரு நகல். ஒவ்வொண்டுக்கும் ஒரு படி எடுத்து வைச்சிருக்கன்."

அவர் பச்சை மட்டைக் கட்டைச் சர்மிலாவிடம் நீட்டினார்.

"அதில நாப்பது உண்மை," என்றார். "ஒண்டு பொய். அத எப்படி அறிஞ்சன் எண்டு சொல்லுறன். கோகுலராஜ், நீங்க முகாமுக்கு வந்த நாள் ஞாபகம் இரிக்கா?"

"இரிக்கி," என்றான் அவன்.

"அம்மா எனக்கு எழுதித் தந்த, நீங்கதான் எழுதின எண்டு சொன்னீங்க. எனக்கு அப்படி ஒண்டும் ஞாபகத்தில இல்ல. நவம்பரில எழுதினதெண்டா பதிவகத்திலயே நகல் எடுக்கலாம் தம்பி எண்டு நானே சொன்னன். இல்ல, டிசெம்பர் எண்டு உடனே சொன்னீங்க. அங்கயே நான் நிண்டிருக்க வேணும். நிக்கல்ல. ஏன் தெரியுமா? உங்களுக்குத் தாயும் பெஞ்சாதியும் ஒரே நாளில போனது எனக்குத் தெரியும். அது ஒரு காரணம். மற்றக் காரணம், 'என்ன ஐயா, மறந்திட்டீங்களா' எண்டு நீங்க கேட்ட. மறந்திட்டன் எண்டு சொல்ல வெக்கமா இருந்த. எல்லாத்தையும் கடலுக்குக் குடுத்தவன், ஞாபகத்தையும் குடுத்திட்டான் எண்டு ஊர் சொல்லுமே எண்டு நினைச்சன். ஓம், ஞாபகம் இரிக்கி எண்டு சொல்லிப்போட்டன்."

"அது பொய்யெண்டு இப்ப எப்படிச் சொல்லுறீங்க?" என்று கோகுலராஜ் கேட்டான். குரலில் கோபம் இல்லை. "நீங்க மறந்தும் இருக்கலாமே."

"இருக்கலாம். அதாலதான் என்ட ஞாபகத்த நம்பாம எல்லையப் பார்த்தன். சர்மிலா, அந்தக் கட்டில உனக்கு விருப்பமான ஒண்டை எடுத்துத் தெற்கெல்லைய வாசி."

சர்மிலா ஒரு தாளை உருவினாள். "தெற்கு: வேலாப்போடியின் வளவு."

"வேலாப்போடி எப்ப செத்த?"

"எனக்குத் தெரியாது ஐயா."

"நான் பிறக்க முந்தி. இன்னொண்டு வாசி."

"தெற்கு: தம்பாப்பிள்ளை வண்ணக்கரின் தோட்டம்."

"அந்தத் தோட்டம் இப்ப சந்தை. இதுதான் உண்மையான உறுதிர அடையாளம். ஒரு உறுதி எழுதக்குள்ள, அதுக்கு முந்தின உறுதியில என்ன எல்லை கிடக்கோ, அத எழுத்துக்கு எழுத்துப் பார்த்து எழுதுறதுதான் எங்கட தொழில். பக்கத்து வளவுக்காறன் செத்தாலும், காணி கை மாறினாலும், உறுதியில பழைய பேர்தான். சனத்துக்கும் அது பாடம். முகாமில வந்தவங்க எல்லாரும் செத்த ஆக்கள்ட பேராத்தான் சொன்ன. மேனுகா, அம்மாட உறுதிய வாசிங்க."

மேனுகா துணிப்பையை அவிழ்த்து, மஞ்சளேறிய ஒரு காகிதத்தை எடுத்தாள். வாவிக்கரை வீட்டுக்குள் கடல் வந்திருக்கவில்லை. "வடக்கு: சீதேவிப்பிள்ளையின் வளவு," என்று மெல்ல வாசித்தாள். "அது எங்கட அம்மம்மா. கிழக்கு: வீதி. தெற்கு: கந்தப்போடியின் தென்னந்தோட்டம். மேற்கு: வாவி."

"2004 டிசெம்பரில நான் நன்கொடை எழுதியிருந்தா, இந்த உறுதியப் பார்த்துத்தான் எழுதியிருப்பன். சீதேவிப்பிள்ளையும் கந்தப்போடியும் அதில இருந்திருப்பாங்க. கோகுலராஜ் சொன்ன எல்லையில செத்த ஆக்கள் ஒருத்தரும் இல்ல. வடக்க மேனுகா, தெற்க ஒழுங்கை. ஒழுங்கை வெட்டி அப்ப மூண்டு கிழமை. கண்ணால பார்த்தத அப்படியே சொல்லியிரிக்கார். பிழையாச் சொல்லல்ல, சரியாச் சொன்னதுதான் பிழை. அப்படி ஒரு உறுதிய அவர் ஒருநாளும் வாசிச்சதே இல்ல. ஏனெண்டா அப்படி ஒண்டு இருக்கல்ல."

கீழே மருந்துக் கடையில் யாரோ இருமல் மருந்து கேட்பது தெளிவாகக் கேட்டது. கோகுலராஜ் கதவுநிலையில் சாய்ந்தான். பின்னர், தானாகவே வந்து கதிரையில் அமர்ந்தான்.

"இல்ல," என்றான். "இருக்கல்ல."

சின்னத்தங்கம் வாயைத் திறந்தாள். கனகசிங்கம் கையை உயர்த்தியதும் மூடிக்கொண்டாள்.

"நான் கலியாணம் கட்டிக் களுதாவளைக்குப் போன ஆள்," என்று அவன் தரையைப் பார்த்துச் சொன்னான். "எங்கட ஊரில வீடு பொம்புளைக்குத்தானே. பெஞ்சாதிர வீட்டில பத்து வருசம் இருந்தன். கடல் வந்த அண்டைக்கு அம்மா எங்களப் பார்க்க வந்திருந்தா. ரெண்டு பேரும் போயிட்டாங்க. பெஞ்சாதிர வளவு அவட சகோதரி, என்ட மச்சாளுக்குப் போயிட்டு. அது நியாயந்தான். எனக்குத்தான் ஒரு இடமும் இல்ல. பெஞ்சாதி வீட்டில பெஞ்சாதி இல்லாம எப்படி இருக்கிற? தங்கச்சி வீட்டில மச்சான்ட சோத்தத் திண்டுகொண்டு எப்படி இருக்கிற? படுக்கிறதுக்கு ஒரு துண்டுக் காணி எண்டுதான் அந்தக் காகிதத்த வாங்கின. வாங்கின பிறகு வெளியில எடுக்க வெக்கமாப் போயிட்டு. அஞ்சு வருசம் பெட்டிக்குள்ள வைச்சிருந்தன். சைக்கிள் கடைக்குப் பின்னால வாடகைக்குக் கிடந்தன். கம்பனிக்காறன் வந்து வாவிக்கரைக் காணி தேடக்குள்ள எடுத்திட்டன்."

"என்னட்டக் கேட்டிருக்கலாமே அண்ணா," என்றாள் மேனுகா.

"நீ தந்திருப்பாய். அதாலதான் கேக்கல்ல."

மேனுகா முகத்தைத் துணிப்பையின் பக்கம் திருப்பிக்கொண்டாள். சின்னத்தங்கத்தின் உரத்த குரல் எங்கோ போய்விட்டது. "நான் ஆலையக் காப்பாத்தத்தான் வந்தன் ஐயா," என்றாள் யாரிடமோ மன்னிப்புக் கேட்பவளைப்போல. "மறுகா என்ன செய்யிற? இவர் காகிதத்தக் கிழிச்சிட்டாச் சரிதானே?"

"சரியில்ல. அது பதிவாகியிட்டு. கம்பனி வாங்கியும் போட்டுது. உங்கள எழுப்பச் சொல்லி வழக்கும் வைச்சிட்டாங்க. இவர் கோட்டில நீதிபதிக்கு முன்னால 'நான் பொய் சொன்னன்' எண்டாலும், தங்கச்சிக்காக இப்ப மாறிச் சொல்லுறார் எண்டு அவங்கட சட்டத்தரணி சொல்லுவார். அந்த நகலுக்கு உயிர் குடுத்தது என்ட கையெழுத்து. அதுக்கு மூலப்பிரதி இருக்கல்ல எண்டு சத்தியம் பண்ணிச் சொல்லக்கூடிய ஆள் ஒராள்தான் இரிக்கார்."

அவர்கள் மூவரும் இறங்கிச் சென்றனர். படியில் அண்ணன் முன்னும் தங்கை பின்னுமாக, இடையில் நான்கு படிகள் விட்டு இறங்கியதைச் சர்மிலா பார்த்தாள். வீதியில் முச்சக்கரவண்டி வந்து நின்றபோது மேனுகா முதலில் ஏறி, ஓரமாக நகர்ந்து இடம் விட்டாள். அவன் சற்று நேரம் நின்றான். பின்னர் ஏறாமலே சைக்கிள் கடைப் பக்கமாக நடந்துபோனான். வண்டி அவனுடைய நடைக்கு ஏற்ப மெதுவாகப் பின்னால் சென்றது.

சர்மிலா திரும்பி வந்து பச்சை மட்டைக் கட்டை எடுத்துக்கொண்டாள். ஒரு தாளில் களுதாவளை. ஒரு தாளில் செட்டிபாளையம். அதற்கடுத்த தாளில் அவளுடைய சொந்த ஒழுங்கையில் இருந்த ஒரு குடும்பத்தின் பெயர். அந்த நகலைக் காட்டித்தான் அவர்களுக்கு வீடு கிடைத்தது. அந்த வீட்டில் இப்பொழுது ஒரு பலசரக்குக் கடையும் இருந்தது.

"ஐயா," என்றாள். "நீங்க கோட்டில ஏறி, முகாமில நகல் எழுதினன் எண்டு சொன்னா, இந்த நாப்பதும் செல்லாதே."

"செல்லாது."

"இவங்க ஒரு பிழையும் செய்யல்லயே."

"செய்யல்ல. பிழை நான் செய்தது. நல்லது செய்யிறன் எண்டு நினைச்சுச் செய்தது. அத நினைக்கத்தான் இப்ப கூட வெக்கமா இரிக்கி."

"ஞாபகம் இல்ல எண்டு சொல்லலாமே. வயசு போன ஆள், கடலோட எல்லாம் போயிட்டு எண்டா ஒருத்தரும் துருவிக் கேக்கமாட்டாங்க." சொல்லி முடிப்பதற்குள் அவளுடைய முகம் சிவந்தது. நான்கு ஆண்டுகளாக மற்றவர்களின் களவைத் தேடியவள் தான் என்பது அவளுக்கு நினைவுக்கு வந்தது.

கனகசிங்கம் அவளைக் கோபிக்கவில்லை. "ஞாபகம் இரிக்கி எண்டு ஒரு பொய் சொன்னன். அதாலதான் இவ்வளவும். இப்ப ஞாபகம் இல்ல எண்டு இன்னொண்டா?" என்றார். மேசையின் மறுபுறம் சென்று, தம்முடைய நொத்தாரிசு உரிமம் கண்ணாடிச் சட்டத்தில் தொங்கிய சுவருக்கு அருகில் நின்றார். அது இனித் தமக்குக் கிடையாது என்பதையும், அதைவிட மோசமானதும் வரலாம் என்பதையும் அவர் நன்கு அறிவார். சட்டத்தைக் கழற்றி, தூசியைத் துவாயால் துடைத்து, மேசையில் முகம் கீழாக வைத்தார்.

"ஆக்கள் அந்த நிலத்தில தலைமுறையா இரிக்காங்க," என்று தொடர்ந்தார். "இருப்பக் காட்டி, கிராம சேவகர், அயலார் எல்லாரையும் கூப்பிட்டு, கோட்டில உரித்து எடுக்கலாம். நாள் எடுக்கும். அலைச்சல் இரிக்கி. அத அவங்க பேப்பரில பார்த்து அறியக் கூடா. கம்பனிட ஆள் வந்து சொல்லியும் அறியக் கூடா."

"வழக்கு எப்ப ஐயா?"

"வாற வியாழக்கிழமைக்கு அடுத்த வியாழன். பன்னிரண்டு நாள் இரிக்கி."

சர்மிலா கட்டைப் பிரித்து, ஊர்வாரியாகத் தாள்களை அடுக்கத் தொடங்கினாள். கண் கலங்கியிருந்தமையால் முதல் இரண்டு தாள்களை மாற்றி வைத்துப் பின்னர் திருத்தினாள். அவர் எதிரில் அமர்ந்து அவள் அடுக்கி முடியும்வரை காத்திருந்தார். பின்னர் மேலே இருந்த தாளை எடுத்து, அதில் எழுதப்பட்ட பெயரை வாசித்தார்.

"நாப்பது வீட்டுக்கும் நானே போய்ச் சொல்லுறன்," என்றார். "வியாழக்கிழமை கோட்டில ஏறுறன்."